இளவேனிலும் இல்லத்தொழிலும்: லாலாகுடாவில் ஊறுகாய்ப் பருவம்

செகந்திராபாத் இரயில் நிலையத்திற்குக் கிழக்கே அமைந்துள்ள லாலாகுடா, தொழிலாளர் குடியிருப்பாகவே வளர்ந்த பகுதியாகும். வாடியிலிருந்து செகந்திராபாத்திற்கு 1874ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அமைந்தது. நிஜாம் இரயில்வே 1893ஆம் ஆண்டில் லாலாகுடாவில் தனது பணிமனையை நிறுவியது. இன்று அது தென்மத்திய இரயில்வேயின் பெட்டிப் பணிமனையாக இயங்கி வருகிறது. பணிமனையைச் சுற்றிக் குடியிருப்புகளும், கடைகளும், இரயில்வே மருத்துவமனையும் தோன்றின. தெலுங்கு, உருது, தமிழ், ஆங்கிலம் எனப் பல மொழிகள் ஒரே தெருவில் ஒலிக்கும் சூழலும் உடன் தோன்றியது.

செகந்திராபாத்துக்கும் தமிழருக்கும் உள்ள உறவு பழமையானது. இராணுவ முகாமையும் வாணிகத்தையும் ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வந்து நிலைத்தன. மகபூப் கல்லூரி எனப் பின்னர் பெயர் பெற்ற கல்வி நிலையம், 1862ஆம் ஆண்டில் சோமசுந்தரம் முதலியாரால் தொடங்கப்பட்டதாகும். எனவே இப்பகுதியின் அடுக்களைகளில் ஆவக்காயும் மாவடுவும் அருகருகே இருப்பது வியப்பன்று.

இத்தகைய இடத்தில் புதிதாக மணமான இளம் தம்பதியர் வாடகை வீட்டில் குடித்தனம் தொடங்குகின்றனர் எனக் கொள்வோம். ஒருவருக்குச் சிறு சம்பளம், மற்றவருக்குக் கைப்பக்குவம். வீட்டிலிருந்தே உணவுப்பொருள் செய்து விற்றால் என்ன என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அவர்களுடைய முதலீடு பெரும்பாலும் திருமணத்தில் வந்த மொய்ப்பணமாகவோ சிறு சேமிப்பாகவோதான் இருக்கும். அது ஒருமுறை கரைந்தால் மீண்டும் சேர்வதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே இத்தொழிலில் இறங்குமுன் அதன் பருவம், பக்குவம், கணக்கு, சட்டம் ஆகிய நான்கையும் அறிந்துகொள்வது இன்றியமையாதது.

பருவம் தரும் வாய்ப்பு

தக்காணத்தின் வீட்டு உணவுத்தொழிலுக்கு மாசி முதல் வைகாசி வரையிலான மாதங்களே உயிர்நாடி. அறுவடையான புதுப்புளி சந்தைக்கு வருவது இக்காலத்தில்தான். வாரங்கல்லின் எனுமாமுலா சந்தையில் மிளகாய் வரத்து மிகுவதும், நிசாமாபாத்தில் மஞ்சள் விற்பனை சூடு பிடிப்பதும் இதே மாதங்களில்தான். வாரங்கல் பகுதியின் சபாட்டா மிளகாய் 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. காரம் குறைந்து நிறம் மிகுந்த இம்மிளகாய் ஊறுகாய்க்கு ஏற்றது. மாவடு மாசி பங்குனியில் வந்து போகும். முற்றிய புளிப்பு மாங்காய் சித்திரை வைகாசியில் குவியும். அத்துடன் ஈரமற்ற காற்றும் கடும் வெயிலும் சேர்கின்றன. மிளகாயைக் காயவைக்கவும், வடகம் பிழியவும், ஜாடிகளை உலர்த்தவும் இயற்கை அளிக்கும் இலவச எரிபொருள் அவ்வெயில்.

இல்லங்களின் விழாக்களும் இப்பருவத்தையே சுற்றி அமைந்துள்ளன. யுகாதியன்று வேப்பம்பூ, புதுவெல்லம், புதுப்புளி, மாங்காய், உப்பு, காரம் ஆகியவை சேர்ந்த அறுசுவைப் பச்சடி தெலங்கானாவில் பருகும் பதத்தில் கரைக்கப்படுகிறது. சில நாட்களிலோ வாரங்களிலோ வரும் தமிழ்ப் புத்தாண்டில் வேப்பம்பூ தூவிய மாங்காய்ப் பச்சடி தமிழர் இலையில் இடம்பெறுகிறது. இரு பச்சடிகளுக்கும் வேண்டிய பொருள்கள் ஏறத்தாழ ஒன்றே. புதிதாக விளைந்தவற்றைக் கொண்டு ஆண்டைத் தொடங்கும் இம்மரபு, தொழில் தொடங்குவோருக்கும் ஒரு குறிப்பைத் தருகிறது: மூலப்பொருள் மலிந்தும் தரமாகவும் கிடைக்கும்போது வாங்குபவரே ஆண்டு முழுவதும் நிலைத்து விற்க முடியும்.

ஆயினும் பருவம் ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் பறிக்கவும் வல்லது. கோடை மழை ஒன்று திடீரெனப் பெய்தால் மாடியில் காயும் மிளகாயும் வடகமும் வீணாகும். அதே கோடையில் நகரின் பல பகுதிகளில் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஏற்படுகிறது. மாங்காய் கழுவுவதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் நல்ல நீர் போதுமான அளவு உண்டா என்பதைத் தொழில் தொடங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊறுகாய் கெடாதிருப்பது எவ்வாறு?

ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கு நான்கு காவல்கள் உண்டு. முதலாவது உப்பு. அது மாங்காய்த் துண்டுகளிலுள்ள நீரை வெளியே இழுத்து, நுண்ணுயிர்களுக்குப் பயன்படாத நிலையில் கட்டி வைக்கிறது. இரண்டாவது புளிப்பு. பி.எச். அளவு 4.6க்குக் கீழ் இருக்கும் உணவில், கொடிய நச்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் கிருமி வளர இயலாது. நல்ல புளிப்பு மாங்காய் இயல்பாகவே இவ்வளவுக்குக் கீழ் உள்ளது. மூன்றாவது கடுகு. பச்சைக் கடுகை அரைத்து ஈரம் படும்போது அதிலுள்ள நொதி செயற்பட்டுக் காரமான ஒருவகை எண்ணெய்ப்பொருளை வெளியிடுகிறது. மூக்கில் ஏறும் அந்த நெடியே நுண்ணுயிர்களுக்குப் பகை. கடுகை மிகுதியாக வறுத்துவிட்டால் நொதி அழிந்து இப்பயன் குறையும். ஆவக்காய்க்குக் கடுகை வெயிலில் காயவைத்துப் பொடிப்பதன் காரணம் இதுவே. நான்காவது எண்ணெய். நல்லெண்ணெய் மேலே படலமாக நின்று காற்றைத் தடுப்பதால் பூஞ்சணம் தோன்றுவதில்லை.

இந்நான்கில் ஒன்று தளர்ந்தாலும் ஜாடி முழுவதும் கெடும். வீட்டு ஊறுகாய் வீணாவதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். சரியாகத் துடைக்காத மாங்காய், உலராத ஜாடி, ஈரக் கரண்டி ஆகிய மூன்றும் உப்பின் செறிவை ஆங்காங்கே குறைத்துப் பூஞ்சணத்திற்கு இடம் தருகின்றன. துண்டுகள் எண்ணெய்க்கு மேல் தலைகாட்டுவதும் தவறு. எண்ணெய் ஊறுகாயில் வடித்தெடுத்த துண்டுகளின் எடை 60 விழுக்காட்டுக்குக் குறையாதிருக்க வேண்டும் என்றும், துண்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டும் என்றும் உணவுத் தர விதிகள் கூறுவது வாங்குபவரின் நலன், பொருளின் பாதுகாப்பு இரண்டையும் கருதியே ஆகும்.

மாங்காய், எலுமிச்சை, புளிச்சகீரை போன்ற புளிப்புப் பொருள்களில் தொடங்குவது புதியவர்களுக்கு நல்லது. புளிப்பில்லாத காய்கறி, மீன், இறைச்சி ஆகியவற்றின் ஊறுகாய்களுக்கு அமில அளவைத் திட்டமாகச் சேர்த்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தறிய வேண்டும். கைப்பக்குவத்தை மட்டும் நம்பி அவற்றை விற்பனைக்குக் கொண்டுவருதல் ஆகாது.

உடல்நலம் பற்றிய மற்றொரு செய்தியையும் மறைத்தல் கூடாது. லாலாகுடாவை அடுத்த தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உள்ளது. இராபர்ட் மக்காரிசனின் முயற்சியால் 1918ஆம் ஆண்டில் நீலகிரியின் குன்னூரில் சிறு ஆய்வுப்பிரிவாகத் தோன்றிய அந்நிறுவனம், 1958இல் ஐதராபாத்திற்கு வந்தது. அது 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மிகாதிருக்க அறிவுறுத்துகிறது. கெடாமல் காக்கும் அதே உப்பு, அளவு மிஞ்சினால் இரத்த அழுத்தத்திற்குத் துணைபோகும். எனவே ஊறுகாய் தொட்டுக்கொள்ளும் அளவிலேயே நிற்க வேண்டிய உணவு. உப்பில்லாத பருப்புப் பொடி, எள்ளுப் பொடி போன்றவற்றையும் சேர்த்து விற்பவர், வாடிக்கையாளரின் நலனையும் தம் தொழிலின் வருங்காலத்தையும் ஒருங்கே காத்தவராவார்.

கணக்கில் விடுபடும் உழைப்பு

வீட்டுத்தொழில்கள் பல, பொருள் நன்றாக விற்கும்போதே நின்றுவிடுவதைக் காண்கிறோம். அதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கீழ்வரும் விலைகள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே கொள்ளப்பட்டவை. சந்தை விலை நாளுக்கு நாள் மாறும்.

பத்துக் கிலோ மாங்காய்த் துண்டுகளுக்கு வேண்டிய மாங்காய், மிளகாய்ப் பொடி, கடுகு, உப்பு, நல்லெண்ணெய், வெந்தயம், மஞ்சள் ஆகியவற்றிற்கு ரூ. 2,200 ஆகிறது எனக் கொள்வோம். கழிவு நீங்கலாக 15 கிலோ ஊறுகாய் கிடைக்கும். அரைக் கிலோ அளவில் 30 புட்டிகள். புட்டிக்கும் சீட்டுக்கும் சேர்த்து ரூ. 600. மின்சாரம், வாடகையில் ஒரு பங்கு, போக்குவரத்து ஆகியவற்றிற்கு ரூ. 300. ஆக மொத்தம் ரூ. 3,100. புட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ ரூ. 103 அடக்கம். புட்டியை ரூ. 130க்கு விற்றால் ரூ. 3,900 கைக்கு வரும். தம்பதியர் ரூ. 800 இலாபம் என மகிழ்வர்.

ஆனால் மாங்காய் பொறுக்கி, கழுவி, துடைத்து, நறுக்கி, பொடித்து, கலந்து, புட்டியில் அடைத்து, கொண்டுபோய்க் கொடுக்க இருவருக்கும் சேர்த்து 16 மணி நேரம் ஆகியிருக்கும். மணிக்கு ரூ. 80 என மதிப்பிட்டால் உழைப்பின் விலை ரூ. 1,280. அதையும் சேர்த்தால் மொத்த அடக்கம் ரூ. 4,380, புட்டிக்கு ரூ. 146. ரூ. 130க்கு விற்ற ஒவ்வொரு புட்டியிலும் ரூ. 16 நட்டம். இலாபமாகத் தோன்றிய ரூ. 800, உண்மையில் அவர்களுடைய கூலியின் ஒரு பகுதியே, எஞ்சிய ரூ. 480 அவர்கள் பெறாமல் விட்ட கூலி. விற்பனை பெருகி உதவிக்கு ஓர் ஆளை அமர்த்தும் நாளில் இந்நட்டம் வெளிப்படும். அப்போது விலையை உயர்த்தினால் பழகிய வாடிக்கையாளர் விலகுவர். உயர்த்தாவிடில் தொழில் நிற்கும். முதல் புட்டியிலேயே கூலியைச் சேர்த்து விலை வைப்பதே இதற்கு மருந்து.

இவ்வாறு விடுபடும் உழைப்பு பெரும்பாலும் மனைவியினுடையது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024ஆம் ஆண்டில் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களை அதற்கெனச் செலவிடுகின்றனர். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்களே. ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே குறைந்த இச்சுமையின் மேல் ஊறுகாய் வேலையும் ஏறுமாயின், தொழில் குடும்பத்திற்கு வளம் சேர்க்குமுன் ஒருவரின் உடலை வாட்டிவிடும். சமையலையும் வீட்டு வேலையையும் கணவர் பகிர்ந்துகொள்வது இங்கு அன்பின் அடையாளமாக மட்டுமின்றித் தொழிலுக்கு வேண்டிய ஏற்பாடாகவும் ஆகிறது. கணக்கேட்டில் இருவர் பெயரிலும் கூலியைத் தனித்தனியே பற்று எழுதுவதும், வங்கிக் கணக்கை இருவர் பெயரிலும் வைப்பதும் நலம்.

எண்பது ரூபாயில் தொடங்கிய எடுத்துக்காட்டு

மும்பையின் கிர்காம் பகுதியில் 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஏழு பெண்கள் மாடியில் அமர்ந்து அப்பளம் இட்டனர். கடனாகப் பெற்ற 80 ரூபாயே முதல். அதுவே பின்னர் லிஜ்ஜத் அப்பள நிறுவனமாக வளர்ந்தது. அதைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத இரு செய்திகள் சிறு தொழில் தொடங்குவோருக்குப் பயன்படும். முதல் ஆண்டில் மழைக்காலத்தில் அப்பளம் காயாமையால் உற்பத்தியை நான்கு மாதம் நிறுத்த வேண்டியதாயிற்று. மறு ஆண்டு அவர்கள் ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினர். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினர். பெரிய இயந்திரமின்றியே பருவத்தின் தடை நீங்கியது. மற்றொன்று, அப்பளம் இடுபவரின் உழைப்புக்குத் தொடக்கம் முதலே கூலி கணக்கிடப்பட்டது. உழைப்பு கணக்கில் ஏறியதால்தான் ஆயிரக்கணக்கான பெண்களைச் சேர்த்துக்கொண்டு அந்நிறுவனம் விரிய முடிந்தது.

தொழில் முனைவு பிறவிக் குணமா, பயிற்சியால் வருவதா என்னும் வினாவுக்கு ஐதராபாத்திலேயே விடை தேடப்பட்டது. அங்குள்ள சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்துடன் இணைந்து, அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் மெக்லெலண்ட் 1964 முதல் காக்கிநாடா வணிகர்களுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி அளித்தார். பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைக் காட்டிலும் மிகுதியாகப் புதிய முயற்சிகளில் இறங்கினர் என அவ்வாய்வு காட்டியது. அந்நிறுவனம் இன்று யூசுஃப்குடாவில் தேசிய நுண், சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனம் என்னும் பெயரில் பயிற்சிகளை நடத்தி வருகிறது.

சட்டமும் கடனும்

விற்பனைக்காக உணவு செய்வோர் யாவரும், வீட்டு அடுக்களையில் செய்தாலும், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் கீழ் வருவர். இச்சட்டம் 2006இல் இயற்றப்பட்டு 2011 ஆகஸ்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆண்டு விற்பனை ரூ. 12 இலட்சத்துக்கு உட்பட்ட சிறு உற்பத்தியாளருக்கு உரிமத்திற்குப் பதிலாக எளிய பதிவு போதும் என்றும், அதற்கு ஆண்டுக் கட்டணம் ரூ. 100 என்றும் 2011ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்தன. இத்தகைய வரம்புகள் திருத்தத்திற்கு உட்பட்டவையாதலால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியைக் கேட்டறிதல் வேண்டும். புட்டியின் மேல் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, செய்த நாள், பயன்படுத்தத்தக்க காலம், விலை, உற்பத்தியாளர் முகவரி, பதிவு எண், சைவ உணவைக் குறிக்கும் பச்சைக் குறி ஆகியவை இருத்தல் வேண்டும்.

சரக்கு, சேவை வரியைப் பொறுத்தவரை, தெலங்கானாவுக்குள் பொருள் விற்பவர் ஆண்டு விற்றுமுதல் ரூ. 20 இலட்சம் வரை பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் வரி விதிப்புக்கு உரிய பொருளைப் பிற மாநிலத்துக்கு விற்பவர், விற்பனை சிறிதாயினும் பதிவு செய்தாக வேண்டும். லாலாகுடாவில் செய்த மாவடுவைச் சென்னைக்கும் திருச்சிக்கும் அனுப்பி விற்க விரும்பும் தமிழ்க் குடும்பங்கள் இதை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

பிணையமற்ற சிறு கடனுக்கு 2015 ஏப்ரல் 8ஆம் நாள் தொடங்கப்பட்ட முத்ரா திட்டம் வழிசெய்கிறது. அதன் ‘சிசு’ பிரிவில் ரூ. 50,000 வரையும், ‘கிசோர்’ பிரிவில் ரூ. 5 இலட்சம் வரையும் கடன் பெறலாம். உணவு பதப்படுத்தும் நுண்தொழில்களை முறைப்படுத்த 2020ஆம் ஆண்டில் பிரதம மந்திரியின் பெயரில் தனித்திட்டம் ஒன்று தொடங்கப்பட்டு, 2025-26 நிதியாண்டு வரை நீட்டிக்கப்பட்டது. திட்டச் செலவில் 35 விழுக்காடு, உச்ச அளவாக ரூ. 10 இலட்சம், கடனோடு இணைந்த மானியமாக அதில் அளிக்கப்பட்டது. தொழில் முனைவோர் குறைந்தது 10 விழுக்காட்டைத் தாமே போட வேண்டியிருந்தது. இத்திட்டத்தின் தொழில்நுட்பப் பயிற்சியில் பங்கு கொண்ட நிறுவனங்களுள் ஒன்று தஞ்சாவூரில் உள்ளது.

மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மேல் கடன் வாங்குதல் தவறு. ஊறுகாய்த் தொழிலில் பணம் சித்திரையில் முடங்கி, அடுத்த பங்குனி வரை சிறிது சிறிதாகவே திரும்பும். கடன் தவணையோ அடுத்த சில மாதங்களிலேயே வந்து நிற்கும். கையிலுள்ள பணம் முழுவதையும் மாங்காயில் போட்டவர், ஆடி மாதத்தில் அலமாரி நிறைய சரக்கும் வெறும் பெட்டியுமாக இருப்பார். ஆகவே முதலில் ஒரு பகுதியை நடைமுறை மூலதனமாகக் கையில் நிறுத்தி வைத்தல் வேண்டும்.

ஆண்டு முழுவதும் விற்பனை ஓடுமாறு பொருள்களை வகுத்துக்கொள்வது அடுத்த பாதுகாப்பு. மாசி பங்குனியில் மாவடு. சித்திரை வைகாசியில் ஆவக்காயும் வடகமும். மழைக்காலத்தில் புளிச்சகீரைத் தொக்கும் பருப்புப் பொடியும். பனிக்காலத்தில் நெல்லிக்காய் ஊறுகாய். சங்கராந்தியையொட்டி அரிசிமாவும் எள்ளும் சேர்த்துச் சுற்றும் தெலங்கானாவின் சகினாலு. இவ்வாறு செய்தால் ஒரு பொருளின் பணம் அடுத்த பொருளுக்கு முதலாகும்.

சிறியது நிலைப்பதற்கு

இத்தொழிலில் பெரிய நிறுவனங்களோடு விலையில் போட்டியிட இளம் தம்பதியரால் இயலாது. ஆனால் அண்டை வீட்டாரின் நம்பிக்கை அவர்களுக்கு உண்டு. இன்ன தெருவில், இன்னார் கையால், இன்ன நாளில் செய்தது எனச் சொல்லக்கூடிய பொருளுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. அம்மதிப்பைக் காப்பதற்கு ஒவ்வொரு தொகுதிக்கும் எண் இட்டு, சேர்மான அளவுகளைக் குறித்து, தொகுதிக்கு ஒரு புட்டியை மாதிரியாக எடுத்து வைக்க வேண்டும். எவரேனும் குறை சொன்னால் எத்தொகுதியில் பிழை என்பதை உடனே கண்டறிந்து, அதே தொகுதியின் மற்றப் புட்டிகளைத் திரும்பப் பெறலாம். கெட்ட சரக்கை விற்றுத் தீர்க்க முயல்பவர் ஒரு தொகுதியின் விலையைக் காப்பாற்றலாம். தெருவின் நம்பிக்கையை இழப்பார்.

நம் நகரங்களில் வேலைதேடும் இளைஞர் தொகை பெருகிவரும் காலம் இது. ஓர் அடுக்களையில் தொடங்கும் தொழில் நாட்டின் உற்பத்திக் கணக்கில் சிறு புள்ளியாகவே தோன்றும். ஆயினும் இருவருக்கு வருவாயும், மூன்றாமவர் ஒருவருக்கு வேலையும், உழவரின் மிளகாய்க்கும் மாங்காய்க்கும் அருகிலேயே ஒரு சந்தையும் அதிலிருந்து கிடைக்கின்றன. இளவேனிலில் உலர்ந்த ஜாடியில் அளவறிந்து உப்பும், கணக்கேட்டில் ஒளிவின்றிக் கூலியும் இடுபவர்களின் தொழில், அடுத்த இளவேனிலையும் கண்டு நிற்கும்.